மஞ்சள் தாள் பிள்ளைகள்

தொகுதியின் புள்ளிவிவர அறிக்கை அச்சாகி வந்த அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். கணக்கக்கா தன் துண்டைத் தொடவே இல்லை. முப்பத்து நான்காம் பக்கத்தில் ஓர் எண்ணைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆறு முதல் பத்து வயது வரை உள்ள குழந்தைகள்: 391.

இன்னும் ஒன்பது பேர் இருந்திருந்தால் அவளும் கேக் தின்றிருப்பாள். பள்ளிக்கல்வி அலுவலகம் நாலு மாதத்துக்கு முன்பே கறாராகச் சொல்லிவிட்டது. தொகுதியில் அந்த வயதுப் பிள்ளைகள் நானூறு பேர் இருந்தால் ஆரம்பப் பள்ளி இருக்கும். ஒருவர் குறைந்தாலும் பள்ளியை மூடிவிட்டு, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். அவள் மகளுக்கு ஏழு வயது. இப்போது ஒரு சந்து தாண்டி நாலே நிமிடத்தில் தானாகவே நடந்து போகிறாள். மாமியார் மூட்டுவலியோடு ஜன்னலில் நின்று, பள்ளி வாசல் வரை கண்ணாலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார். ஆறு வழிச் சாலையில் அந்த வித்தை பலிக்காது. கணவன் பஸ் பணிமனையில் மெக்கானிக், விடியுமுன் கிளம்புகிறவன். மாமனார் காவலாளி வேலைக்குப் போகிறார். கொழுந்தனும் அவன் மனைவியும் ஆளுக்கொரு ஷிப்ட். பள்ளி போய்விட்டால் பிள்ளையைக் கூட்டிப் போக யார் வேலையை விடுவது என்று அந்த வீட்டில் கூட்டம் போட்டா முடிவு செய்யப் போகிறார்கள்? அவள்தான் விடவேண்டும். பதினோரு வருட வேலை.

கணக்கக்கா என்பது தெரு வைத்த பெயர். அலுவலகத்தில் அவள் கணக்கெடுப்பு மேற்பார்வையாளர். நகரத்தின் நட்டநடுவில், ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும் கட்டடங்களால் ஆன இந்தச் சின்னத் தொகுதியில் எந்தப் படிக்கட்டில் எத்தனை படி என்றுகூட அவளுக்குத் தெரியும். இங்கே பிள்ளைகள் குறைவு என்று எவனாவது சொன்னால் அவனைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் கட்டடத்துப் படிக்கட்டில் நிற்க வைக்கவேண்டும். மிதிபடாமல் திரும்பினால் அதிர்ஷ்டம்.

கட்டடம் வாரியான பட்டியலை எடுத்துப் பார்த்தாள். அவள் கட்டடத்தில் நாற்பது வீடுகள். அந்த வயதுப் பிள்ளைகள் மூன்றே பேர். மாடிவீட்டுத் தையல்காரிக்கு மட்டுமே அந்த வயதில் மூன்று. தினமும் இவள் தலைக்கு மேல்தான் குதிக்கிறார்கள். சரி, அந்த மூன்று அவர்கள் என்றே வைத்துக்கொள்வோம், அப்படியானால் என் மகள் எங்கே? தன் வீட்டுப் படிவத்தைத் தானே தன் கையால் நிரப்பியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மாமனார், மாமியார், கணவன், தான், கொழுந்தன், அவன் மனைவி. ஆறு வரி. ஏழாவதாக மகள்.

ஏழாவது என்று நினைத்ததும் பட்டியலைக் கீழே வைத்தாள்.

ஒரு வீட்டுக்கு ஒரு படிவம், அதில் ஆறே வரிகள். ஆட்களை வயதில் மூத்தவரிலிருந்து தொடங்கி இறங்குவரிசையில் எழுதவேண்டும். ஆறு பேருக்கு மேல் இருந்தால் மீதிப் பேரைத் துணைத்தாள் என்ற மஞ்சள் தாளில் எழுதி, படிவத்தோடு பின் அடிக்கவேண்டும். பின் அடித்த தாள்கள் ஸ்கேன் இயந்திரத்தில் சிக்கிச் சிக்கி ஒரு வாரம் வேலையே நின்றுபோனது. அப்போது கணக்கக்காதான் ஒரு சுற்றறிக்கை எழுதினாள். மஞ்சள் தாள்களைத் தனியாகக் கட்டி வையுங்கள், வெள்ளைத் தாள்கள் முடிந்ததும் ஓட்டிக்கொள்ளலாம் என்று. வெள்ளைத் தாள்கள் முடிந்தன. இயந்திரத்தை வேறு தொகுதிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மற்றத் தொகுதிகளில் வீட்டுக்கு நாலு பேர், மிஞ்சினால் அஞ்சு பேர். அங்கே மஞ்சள் தாள் என்ற ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. இங்கே வாடகைக்குத் தாக்குப்பிடிக்க இரண்டு குடும்பம் ஒரே வீட்டில் ஒண்டிக்கொள்ளும். மூத்தவர்கள் வெள்ளைத் தாளை நிரப்பிவிடுவார்கள். மஞ்சளுக்குப் போவது எப்போதும் பிள்ளைகள்தான்.

சாமான் அறையில், ஓடாத பிரிண்டருக்குக் கீழே மஞ்சள் தாள்கள் மூன்று கட்டுகளாகக் கிடந்தன. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எண்ணினாள். ஆறிலிருந்து பத்து வயது வரை இருநூற்றுப் பதினாலு பேர். இருநூற்றுப் பதினாலு பிள்ளைகளைக் கட்டிப்போட்டு மேலே பிரிண்டரை வைத்திருக்கிறோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அலுவலகத் தலைவருக்குப் பட்டப்பெயர் சதவீதம். சாப்பிட்டாச்சா சார் என்று கேட்டால் எண்பது சதவீதம் ஆச்சு என்பார். கணக்கக்கா கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனாள்.

"சார், இந்தத் தொகுதியில ஒரு வீட்டுலகூட ஆறு பேருக்கு மேல இல்லன்னு போட்டிருக்கு. இது எப்படி சார் நடக்கும்?"

"அதான்மா நம்ம சாதனை! நெரிசல் பதினெட்டு சதவீதம் குறைஞ்சிருக்கு. தொகுதி உறுப்பினரே நேத்து போன் பண்ணிப் பாராட்டினாரு."

"நெரிசல் குறையல சார். நாம பிள்ளைங்களைத் தொலைச்சிட்டோம்."

அவர் கட்டுகளைப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து, கோபமே இல்லாமல் மேஜை மேல் வைத்தார். அவளுடைய சுற்றறிக்கை. அடியில் அவளுடைய கையெழுத்து, கொஞ்சம் அலங்காரமாகவே போட்டிருந்தாள்.

"தனியா வைக்கச் சொன்னது யாரும்மா?"

"நான்தான் சார். அப்புறமா ஓட்டிக்கலாம்னும் அதுலயே எழுதியிருக்கேனே."

"அறிக்கை கையெழுத்தாகி வெளியாயிடுச்சு. இதைத் திறந்தா எல்லாத் தொகுதியும் திறக்கச் சொல்லுவாங்க. ஸ்கேன் ஆகாத தாளுக்குச் சட்டப்படி மதிப்பு பூஜ்ய சதவீதம். ஆட்சேபனை விசாரணைன்னு ஒண்ணு இருக்கு, பத்து நாள் கழிச்சு. குடியிருக்கிறவங்க நேர்ல வந்து, பிறப்புச் சான்றிதழைக் காட்டி, கையெழுத்துப் போட்டுச் சேத்துக்கலாம்."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவள் போல அவள் வெளியே வந்தாள். ஆனாலும் ஒன்பது பேர்தானே வேண்டும்? இருநூற்றுப் பதினாலில் ஒன்பது. தன் கட்டடத்திலேயே தேறிவிடும் என்று நினைத்தாள்.

முதலில் மாடிக்குப் போனாள். இவள் சொன்னதைத் தையல்காரி மிஷினை நிறுத்தாமலே கேட்டாள். ஆறு பெரியவர்கள், நாலு பிள்ளைகள், ஒரே ஹாலில் இரண்டு மிஷின்கள். கேட்டு முடித்ததும் காலை மிதியிலிருந்து எடுத்தாள்.

"விசாரணையில சொல்றதை வீட்டு நம்பரோட சுவத்துல ஒட்டுவாங்களாமே, நெசமாக்கா?"

"ஆமா. அது விதி."

"நம்ம வாடகை ஏஜெண்ட், ஒரு வீட்டுக்கு ஆறு பேருக்கு மேல கூடாதுன்னு பத்திரத்துலயே எழுதி வச்சிருக்கான். பத்துன்னு சுவத்துல பாத்தான்னா அன்னிக்கே காலி பண்ணச் சொல்லுவான். நாங்க எங்க போறது?"

"பள்ளிக்கூடத்தை மூடிட்டா உன் மூணு பேரும் எப்படிப் போவாங்கன்னு யோசிச்சியா?"

"யோசிக்காமலா இருக்கேன்? எனக்கு மட்டும் வயிறு எரியலையா?" தையல்காரியின் குரல் உயர்ந்தது. "கணக்கெடுக்க வந்தப்ப இதே வாசல்ல நின்னு என்ன சொன்னீங்க? இந்தத் தாள் யார் கைக்கும் போகாது, என் உசுரே போனாலும் வெளிய சொல்லமாட்டேன்னீங்க. அதை நம்பித்தான் பத்துப் பேரையும் சொன்னேன். இப்ப நீங்களே வந்து ஊரறியச் சொல்லுங்கிறீங்க."

"அப்ப நாளைக்குச் சாலையில ஏதாவது ஆச்சுன்னா என்கிட்ட வந்து அழாத!"

சொன்ன மறுகணமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. தையல்காரி மிஷினை ஓட்டத் தொடங்கிவிட்டாள். கணக்கக்கா படியிறங்கி வந்தாள்.

ஒன்பது நாளில் ஐம்பத்திரண்டு கதவுகளைத் தட்டினாள். எந்தக் கதவுக்குப் பின்னால் எத்தனை மஞ்சள் வரி என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததைக் காட்டிக்கொள்ளக்கூடாது என்பதால் எல்லா வாசலிலும் ஒன்றும் தெரியாதவள் போலவே நின்றாள். சிலர் வருகிறோம் என்றார்கள். சிலர் பார்க்கலாம் என்றார்கள், முகத்தைப் பார்க்காமல். ஒருத்தர், மூன்று பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்க்க, "எங்க வீட்டுல பிள்ளைங்களே இல்லைங்க" என்று கதவைச் சாத்தினார். கணக்கக்காவுக்கு அந்தக் கதவை உதைக்கலாம் போல ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரம் அவர் மேலா, ஏஜெண்ட் மேலா, தன் கையெழுத்து மேலா என்று அவளுக்கே தெரியவில்லை.

வீட்டிலும் அதே ஏழாம் ஆள் பிரச்சினைதான்.

"ஏழு பேருன்னு நாமளே போய் எழுதிக் கொடுத்தா ஏஜெண்ட் மாலை போட்டா வரவேற்பான்?" என்றான் கணவன்.

"நான் போகலன்னா வேற யாரு போவாங்க? தப்பு பண்ணவ நான்."

"தப்பு பண்ணவ தனியா காலி பண்ணமாட்டா. எல்லாருமாத்தான் மூட்டையத் தூக்கணும்."

மாமியார் ஜன்னலோரத்திலிருந்து திரும்பினார். "என் பேரை எடுத்துட்டு அந்த எடத்துல பேத்தி பேரை எழுதச் சொல்லு. நான் இங்க இல்லன்னு சொல்லிடு. ஆறு ஆறாவே இருக்கும்ல?"

"அப்படியெல்லாம் ஆளை மாத்தி எழுத முடியாது அத்தை."

"என்னடி உங்க கணக்கு! இருக்கிற பிள்ளைய இல்லங்கிறீங்க, இல்லாம இருக்கேன்னு சொல்ற கிழவிய விடமாட்டேங்கிறீங்க." அதைக் கேட்டு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

விசாரணை நாளன்று காலையில் பீரோவிலிருந்து பிறப்புச் சான்றிதழை எடுத்தாள். கணவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். தடுக்கவில்லை.

விசாரணை, அவர்கள் அலுவலகத்தின் இரண்டாம் மாடிக் கூடத்தில் நடந்தது. பதினோரு மணிக்கு உள்ளே நுழைந்தவளுக்குக் கண் நிறைந்துபோனது. முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பள்ளி விடுமுறை என்பதால் பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தார்கள். தையல்காரிகூட மூன்றாவது பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு நாலாம் வரிசையில் இருந்தாள். கணக்கக்கா பழக்க தோஷத்தில் எண்ணினாள். அந்த வயதில் மட்டும் பதின்மூன்று பேர். போதும், தாராளமாய்ப் போதும் என்று மூச்சு விட்டாள். அப்போதுதான் கடைசி வரிசையைப் பார்த்தாள். ஏஜெண்ட் கால்மேல் கால் போட்டு, மடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

முதல் ஆளாக அவளே எழுந்தாள்.

"நீங்க இந்த அலுவலகத்து ஆளாச்சேம்மா?" என்றார் விசாரணை அதிகாரி.

"இந்தத் தொகுதியில குடியிருக்கேன் சார். பிள்ளையோட அம்மாவா வந்திருக்கேன்."

அவர் சான்றிதழைப் பார்த்தார், கையெழுத்து வாங்கினார், விதிப்படி உரக்கப் படித்தார். கட்டடம், வீட்டு எண், ஆட்கள் ஏழு. கடைசி வரிசையில் பேனா ஓடியது. அதிகாரி 391-ஐ அடித்துவிட்டு 392 என்று எழுதினார்.

"அடுத்தது யாரு?"

யாரும் எழவில்லை. நாற்காலிகள் கிரீச்சிட்டன, யாரோ இருமினார்கள். வருகிறோம் என்று சொன்னவர்கள் வந்துதான் இருந்தார்கள். வருவதாகத்தானே சொன்னார்கள்.

"சார், நீங்களே பாருங்க. இந்தக் கூடத்துலயே பதிமூணு பேர் இருக்காங்க!" என்றாள் கணக்கக்கா.

"கண்ணால பாத்ததை எழுத எனக்கு அதிகாரம் இல்லம்மா. யாராவது ஒருத்தர் என் பிள்ளைன்னு சொல்லணும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். நாலாம் வரிசையில் மூன்று, ஐந்தாம் வரிசையில் இரண்டு, தூண் பக்கத்தில் மூன்று. எட்டே எட்டு. வீட்டு எண்ணோடு, பிறந்த தேதியோடு எல்லாமே அவள் நாக்கின் நுனியில் நின்றன. வாயைத் திறந்து சொன்னால் போதும், அதிகாரி கூப்பிட்டு விசாரித்தே ஆகவேண்டும். தையல்காரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தையல்காரியின் பெண், ஆறு வயசு, அலுத்துப்போய் மடியிலிருந்து நழுவி முன்னால் ஓடி வந்தது. மேடைப் படியில் தடுக்கி முகங்குப்புற விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம். "அம்மா!" என்று கூடமே அதிர அலறியது.

தையல்காரி பாதி எழுந்துவிட்டாள். கடைசி வரிசையைப் பார்த்தாள். நோட்டுப் புத்தகம் திறந்துதான் இருந்தது. அப்படியே உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"யார் பிள்ளைங்க இது?" என்றார் அதிகாரி.

அவர் இன்னொரு முறை, கொஞ்சம் கெஞ்சலாகவே கேட்டார். பிள்ளை அம்மா அம்மா என்று அழுதுகொண்டே இருந்தது.

கணக்கக்கா குனிந்து அதை வாரித் தூக்கினாள். தன் துப்பட்டாவால் உதட்டைத் துடைத்தாள். அதிகாரி பேனாவைக் கையில் எடுத்தார்.

"உங்களுக்குத் தெரிஞ்ச பிள்ளையாம்மா? யாரோட பிள்ளைன்னு சொல்லுங்க, கூப்பிட்டுக் கேட்டுச் சேத்துக்கறேன்."

அதன் பெயர் தெரியும். பிறந்த மாதம் தெரியும். எந்தக் கட்டில் எத்தனையாவது மஞ்சள் தாள், அதில் எத்தனையாவது வரி என்பதும் தெரியும். எழுதியதே அவள்தான். பிள்ளை அவள் தோளுக்கு மேல் நாலாம் வரிசையை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டியது.

"தெரியாது சார்," என்றாள் கணக்கக்கா.

அதிகாரி 392-க்குக் கீழே கோடு போட்டுக் கோப்பை மூடினார்.