கடைசிப் பந்தின் தடம்

விடுதி அறைகள் எல்லாம் ஒரே அச்சு. விழித்ததும் எந்த ஊரில் இருக்கிறோம் என்று அவளுக்குப் பிடிபடாது. திரைச்சீலையை விலக்கி, கீழே தெரியும் ஆடுகளத்தின் நிறத்தைப் பார்ப்பாள். பச்சை என்றால் புல், நீலம் என்றால் கெட்டித் தரை, செங்கல் நிறம் என்றால் மண். அவளுக்குத் தெரிந்த உலகத்தில் இந்த மூன்றே நாடுகள்தான்.

பத்திரிகைகள் அவளை ராணி என்று எழுதின. பயிற்சியாளராகக் கூடவே அலையும் அக்காவுக்கு மட்டும் அவள் இன்னும் 'வாண்டு'தான். டென்னிஸில் அவள் வாங்காத கோப்பை ஒன்றே ஒன்று. புல்லும் கெட்டித் தரையும் அவள் சொன்னபடி ஆடின. மண் மட்டும் பிடிகொடுக்கவே இல்லை. இப்போது தோள்பட்டையும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இந்த மண் தரை இறுதி ஆட்டத்தோடு மட்டையைக் கீழே வைக்கிறேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று.

"கோப்பையோட வீட்டுக்குப் போறோம். இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குறோம்" என்றாள் அக்கா, அவள் தோளில் வலிக்கான பட்டை ஒட்டிக்கொண்டே.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? எழுந்து சாப்பிட்டுட்டு மறுபடி தூங்குறோம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சின்ன வயதிலிருந்தே அப்புறம் என்றால் அடுத்த ஆட்டம்தான். வேறு அப்புறம் அவளுக்குப் பழக்கமில்லை.

அன்று மதியம் எல்லாமே தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் நடந்தது. பந்து பெரிதாக, சோம்பலாக மிதந்து வந்தது. எதிரே நின்ற பெண்ணுக்கு இவளில் பாதி வயது; இரக்கமே இல்லாமல் அடித்தாள். இவளோ வலியை மறந்து, மண்ணில் சறுக்கிச் சறுக்கி எடுத்தாள். கூட்டத்தின் சத்தம் பக்கத்துத் தெருவில் யாரோ சண்டை போடுவதுபோல் கேட்டது. இன்னும் ஒரு பாயிண்ட், கோப்பை கையில் என்ற இடம் வந்துவிட்டது.

அந்தப் பெண் ஓங்கி அடித்த பந்து இவள் பக்கத்துக் கோட்டோரம் விழுந்தது. "அவுட்!" என்று கத்தினார் கோட்டருகே நின்ற துணை நடுவர். பந்து வெளியே என்றால் கோப்பை இவளுக்கு; அரங்கமே எழுந்து நின்றது. அந்தப் பெண் ஒப்புக்கொள்ளாமல், தடத்தைப் பாருங்கள் என்று கை காட்டினாள்.

மண்ணில் பந்து விழுந்தால் தடம் இருக்கும். தலைமை நடுவர் இறங்கி வந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். அவர் வருவதற்குள் ஆட்டக்காரரே அதைக் காலால் அழித்துவிட்டால், பந்து உள்ளேதான் என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். மண்ணில் மட்டை பிடித்த குழந்தைக்கும் தெரிந்த வழக்கம் இது.

நடுவர் தன் உயரமான நாற்காலியிலிருந்து ஆற அமர இறங்கிக்கொண்டிருந்தார். அவள் தடத்தருகே போய்க் குனிந்து பார்த்தாள். பிறகு காலணியால் ஒரே தேய்ப்பு.

அடுத்த கணம் கைதட்டல் காதைப் பிளந்தது. எதிரே நின்ற பெண் நெகிழ்ந்துபோய் நெஞ்சில் கை வைத்தாள். ஆட்டம் தொடர்ந்தது. வெயில் சாய்ந்து, நிழல் வலையைத் தாண்டும்வரை ஆடினாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் எந்தக் கோப்பைக்கும் ஆடியதில்லை. கடைசியில் தோற்றாள்.

உடை மாற்றும் அறைக்கு வெளியே பத்திரிகைக்காரர்கள் மொய்த்தார்கள். அக்கா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"உன் நேர்மையைத்தான் வெளிய எல்லாரும் கொண்டாடுறாங்க. நெசமா சொல்லு, உள்ளயா விழுந்துச்சு?"

"இல்லக்கா. வெளியதான். நல்லாவே தெரிஞ்சுது."

அக்கா பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். "பின்ன ஏண்டி அழிச்ச?"

"அவரு வந்து பாத்துட்டா முடிஞ்சிருமேக்கா."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காலம் முழுக்க வாங்கிய திட்டையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து வாங்கப்போகிறோம் என்று தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா எழுந்து வந்து, அவள் தோளில் ஒட்டியிருந்த பட்டையை மெல்ல உரித்தாள்.

"அவுட்டுன்னு கத்தினாங்கல்ல, வாண்டு" என்றாள். "எல்லாரும் எழுந்து நின்னாங்க. எனக்குக் காலே எழும்பல. ஐயோ, அவ்வளவுதானான்னு இருந்துச்சுடி."

வெளியே கதவைத் தட்டினார்கள். இருவருமே எழுந்து போய்த் திறக்கவில்லை.