மற்றவர் என்ற கட்டம்

"ஏதாவது ஒரு கட்டத்துல டிக் போடுங்கம்மா," என்றாள் மருத்துவமனைக் கவுன்ட்டரில் இருந்த பெண். "கணவன், மனைவி, அப்பா, அம்மா, பிள்ளை, கூடப் பிறந்தவர். எதுவும் இல்லன்னா கடைசியில மற்றவர்னு இருக்கு பாருங்க."

அண்ணி பேனாவை மூடினாள். "நான் மற்றவர் இல்ல. அவ எனக்கு நாத்தனார்."

"நாத்தனாருக்குக் கட்டம் இல்லம்மா."

முப்பத்தொரு வருஷம் ரயில் நிலையத்தில் கவுன்ட்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தவள் அண்ணி. இல்லை என்று எத்தனையோ பேரிடம் அவளே சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுகூட அவளுக்குத் தெரியும். அதனால் அந்தப் பெண்மேல் கோபம் வரவில்லை.

"மற்றவர்னு போட்டா என்ன ஆகும், அதைச் சொல்லு."

மற்றவர் என்று போட்டால் ரத்த உறவு யாராவது வரும் வரை உடல் கீழே குளிர் அறையில் இருக்கும். அதுவரை உள்ளே போய்ப் பார்க்கவும் முடியாது. வேறு வழி ஒன்றுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பழைய சுங்க மாளிகையில் பதிவு அலுவலகம் இருக்கிறது. ஒரே குடும்பம் என்று அங்கே சான்று வாங்கி வரலாம். அது நாலு மணி வரை. இந்தக் கவுன்ட்டர் ஐந்து வரை.

சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வீட்டுக்கும் தெருவுக்கும் அவள் அண்ணிதான். நாத்தனாருக்கு விசில் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். பிள்ளைகள் வைத்த பெயர் வீடு வரை வந்து ஒட்டிக்கொண்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முதல் ஆறு வருஷம் இருவரும் ஒரே வீட்டில் முகம் கொடுத்துப் பேசியதில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணியின் கணவர் இறந்துபோனபோது, தனியாக ஜாகை பார்த்துப் போயிருந்த விசில் இரண்டு பெட்டியோடு திரும்பி வந்து நின்றாள். "உங்களைத் தனியா விட்டா சாப்பிட மாட்டீங்க. சமைச்சாலும் உப்பு போட மறந்துடுவீங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பெட்டியை வைத்தாள். அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு ஊர் என்று இருவரும் சுற்றிப் பார்க்கப் போவார்கள். பழைய ஊராக இருக்க வேண்டும், ஊரில் ஆறு இருக்க வேண்டும். ஆறு இருந்தால் வழி தொலையாது என்பது விசிலின் கணக்கு.

இந்த ஊருக்கு வந்து இது நாலாவது நாள். காலையில் கோட்டைப் படிகளில் வழக்கம்போல அவள் முன்னால் ஏறினாள். வழக்கம்போல அண்ணி முப்பது படி பின்னால். "சீக்கிரம் வாங்க அண்ணி, இங்கேருந்து ஆறு முழுசாத் தெரியுது," என்று குரல் வந்தது. அண்ணி போய்ச் சேர்ந்தபோது விசில் மதிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்கிக்கொள்கிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து நீட்டினாள் அண்ணி. நீட்டிய கையை வெகுநேரம் மடக்கவில்லை.

மருத்துவமனை வாசலில் நின்று கொழுந்தனுக்கு மறுபடி போன் செய்தாள். காலையிலேயே செய்தி சொல்லியாகிவிட்டது. அவன் அழுது முடித்துப் பொறுப்பு பேசும் கட்டத்துக்கு வந்திருந்தான்.

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் அண்ணி. ரூம்ல படுத்திருங்க. நாளைக்குக் காலைல நான் வந்து கையெழுத்துப் போட்டுக்கறேன். அக்காவை ஊருக்குக் கொண்டு வந்துடலாம்."

"பெட்டியில அடைச்சு ராத்திரி முழுக்கச் சரக்கு வண்டியிலயா? ஜன்னல் சீட் இல்லன்னா பஸ்லயே ஏற மாட்டா அவ. இங்கயே முடிச்சுடலாம். நீ வந்ததும் எரிச்சுடலாம்."

"சரி அண்ணி. அதான் நாளைக்கு வர்றேனே. இன்னிக்கு நீங்க எதுக்கு அலையறீங்க?"

"அவ தலையெல்லாம் கோட்டை மண்ணுடா. அப்படியே கொண்டுபோய் வச்சிருக்காங்க. நீ வர்ற வரைக்கும் அவ கால்ல நம்பர் கட்டிக்கிட்டு யாரோ மாதிரிக் கிடக்கணுமா?"

அண்ணி போனை வைத்துவிட்டுப் பதிவு அலுவலகத்துக்கு நடந்தாள்.

கல் பாலத்தில் வண்டிகள் போகாது. பதின்மூன்று வளைவுகள், நடுவில் காவலர் நிற்பதற்குக் கட்டிய சிறிய மாடத்தில் இப்போது புறாக்கள். பாலம் இறங்கும் இடத்தில் பழைய நகர வாயில். அதன் உள்சுவரில் வெள்ளம் ஏறிய உயரத்துக்குக் கோடு செதுக்கி வருஷம் பொறித்திருந்தார்கள். மூன்று நாளாக இதே வாயில் வழியாக எட்டு முறையாவது போயிருப்பார்கள். ஒரு கோட்டைக்கூட அண்ணி படித்ததில்லை; விசில் அதற்குள் அடுத்த தெருவில் நின்று கூப்பிடுவாள். இன்று நின்றாள். இடுப்பளவில் ஒன்று, தோளளவில் இரண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, கையை உயர்த்தினாலும் எட்டாத இடத்தில் ஒன்று. ஒவ்வொரு வருஷமாகப் படித்தாள். யாரும் கூப்பிடவில்லை. கடைசிக் கோடு வரை படித்து முடித்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

சுங்க மாளிகையில் ஆற்றைப் பார்த்த பெரிய கூடம். ஒரு காலத்தில் சரக்கு எடை போட்ட இடத்தில் மேசைகள் போட்டிருந்தார்கள். பதிவு அதிகாரிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதைத் தேடிக்கொண்டிருந்தாள். தலையில் இருப்பதை அண்ணி சொன்னாள். அவள் சிரித்துக்கொண்டே காகிதங்களை வாங்கினாள். படித்ததும் சிரிப்பு நின்றது.

"சட்டப்படி உங்களுக்கும் அவங்களுக்கும் ரத்த சம்பந்தம் இல்லம்மா."

"புருஷன் பொண்டாட்டிக்கு மட்டும் இருக்கா?"

"அவங்களுக்குக் கட்டம் இருக்கும்மா." அதிகாரி இரண்டு அடையாள அட்டைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். "ஒரு நாள் பொறுத்தா தம்பி வந்துடுவாரே."

"வரட்டும். வந்து அவன் அக்காவை அவன் பாக்கட்டும். நான் என் நாத்தனாரைப் பாக்கணும்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டாள். "ரெண்டு அட்டையிலயும் முகவரி ஒண்ணா இருக்கு. அது பாதி. மீதிக்கு ரெண்டு சாட்சி வேணும். இந்த ஊர்க்காரங்களா, உங்க ரெண்டு பேரையும் தெரிஞ்சவங்களா இருக்கணும்."

"நாங்க வந்தே நாலு நாள்தான் ஆகுது."

"நாலு நாள்ல தெரிஞ்சவங்க," என்றாள் அதிகாரி, மிகவும் மெதுவாக.

முதல் சாட்சியைத் தேட வேண்டியிருக்கவில்லை. சாயக்காரர் சந்தில் அவர்கள் தங்கியிருந்த விடுதியின் சொந்தக்காரர் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனார். வராமல் நழுவப் பார்க்கிறாரோ என்று அண்ணி நினைத்தாள். வேறு சட்டை மாட்டிக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தார். "சாட்சி சொல்லப் போறோம். அழுக்குச் சட்டையோடயா போறது?" என்றார்.

இரண்டாவது ஆளுக்குத்தான் ஊரைச் சுற்ற வேண்டியிருந்தது. முதல் நாள் பார்த்த அருங்காட்சியகக் காவலாளிக்கு இன்று விடுமுறை. ரொட்டிக் கடைக்காரிக்கு விசிலை நினைவிருந்தது, ஆனால் கடையை விட்டு வர முடியாது. மணி இரண்டரை ஆயிற்று. விடுதிக்காரர் கவலையோடு கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணிக்கு நேற்றைய படகுக்காரர் நினைவுக்கு வந்தார். ஆற்றோடு நடந்தார்கள். மூன்றாவது துறையில் அவர் படகுக்குள் தேங்கிய தண்ணீரைத் தகர டப்பாவால் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்.

அண்ணி சொல்லி முடிக்கும் வரை அவர் டப்பாவைக் கையிலேயே வைத்திருந்தார். "அந்த டீச்சரம்மாவா?" என்றார். பிறகு படகைக் கட்டிவிட்டுக் கரையேறினார்.

மூன்று மணி இருபதுக்கு அதிகாரியின் மேசைக்கு முன்னால் மூன்று பேரும் நின்றார்கள். விடுதிக்காரர் சுருக்கமாகச் சொன்னார்: ஒரே அறை, ஒரே சாவி, ஒருவர் வராமல் மற்றவர் சாப்பிட உட்காரவில்லை. படகுக்காரரிடம் அதிகாரி கேட்டாள், "ஒரு மணி நேரம் படகுல வந்தாங்க. அதுக்குள்ள ஒரே குடும்பம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கரையை விட்டதுலேருந்து இறங்கற வரைக்கும் சண்டைங்க. குடையை யாரு மறந்தாங்கன்னு ஆரம்பிச்சு, இருபது வருஷத்துக்கு முந்தி யாரு கல்யாணத்துக்கு யாரு போகலைங்கற வரைக்கும் போச்சு. டீச்சரம்மா என்கிட்ட நியாயம் கேட்டாங்க. நான் வாயே திறக்கல."

விடுதிக்காரர் தரையைப் பார்த்தார். அண்ணிக்குக் காது சூடாயிற்று.

"சண்டை போட்டா உறவாயிடுமா?" என்றாள் அதிகாரி.

"வேத்து ஆளுங்கன்னா மரியாதையாப் பேசுவாங்களேம்மா." படகுக்காரர் யோசித்துச் சொன்னார். "அப்புறம், காத்து கொஞ்சம் வேகமா வந்துது. இந்தம்மா பேச்சை நிறுத்தாமலே எந்திரிச்சுப் போயி, அவங்க காதை மூடி ஒரு துண்டைக் கட்டி விட்டாங்க. அவங்களும் தலையைக் காட்டிக்கிட்டே திட்டுனாங்க. நான் முப்பது வருஷமா ஆளுங்களை ஏத்தி இறக்கறேன். எனக்கு அது போதும்."

அதிகாரி எழுதினாள். எழுதும்போது பேனா ஓரிடத்தில் நின்றது. அண்ணி எட்டிப் பார்த்தாள். உறவு என்ற இடத்தில் அதிகாரி ‘நாத்தனார்’ என்று முழுதாக எழுதி, முத்திரையை எடுத்துப் பக்கத்தில் வைத்து அழுத்தினாள்.

வெளியே வந்ததும் விடுதிக்காரர் அண்ணியைக் கும்பிட்டுவிட்டுச் சந்துக்குள் திரும்பினார். கொழுந்தனிடமிருந்து போன் வந்தது, வண்டி ஏறிவிட்டானாம். "நாளைக்குப் பத்து மணிக்கு வச்சுக்கலாம். அவளோட அந்தப் பச்சைச் சேலையை நான் எடுத்து வைக்கறேன். நீ சாப்டியா?" என்றாள் அண்ணி. அவன் ம் என்றான். சாப்பிடவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. இறங்கினதும் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வா என்று சொல்லி வைத்தாள்.

"பாலத்தைச் சுத்திப் போனா அரை மணி ஆகும்," என்றார் படகுக்காரர். "ஆஸ்பத்திரி துறைக்கு நேர் எதிர்லதான். வாங்க, விட்டுடறேன்."

வெயில் தாழத் தொடங்கியிருந்தது. அண்ணி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி, நேற்றைப் போலவே படகின் இடப்பக்கப் பலகையில் உட்கார்ந்தாள். சான்றுக் காகிதம் நனையாமல் மடியில் வைத்துக்கொண்டாள். படகு அவள் பக்கமாகச் சாய்ந்தது.

"நடுவுல உட்காருங்கம்மா," என்றார் அவர். "ஒரு ஆள்னா நடுவுலதான்."

அவள் காகிதத்தை ஒரு கையிலும் பலகையின் விளிம்பை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நடுவுக்கு நகர்ந்தாள். படகு நேரானது. அவர் துடுப்பைத் தண்ணீரில் போட்டார்.