கண்ணாடியில் மேல்வரிசை

பல் டாக்டரம்மாவுக்கு இருபத்திரண்டு வருஷமாக ஒரு கர்வம் இருந்தது. மேல்வரிசைப் பல்லைக்கூடக் குனிந்து, கழுத்தை ஒடித்து, நேராகவே பார்ப்பார். சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு, அதில் பார்த்து வேலை செய்வதெல்லாம் சோம்பேறித்தனம் என்பார். கழுத்து எத்தனை நாள்தான் பொறுக்கும்? எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருந்த டிஸ்க் தேய்ந்து, நரம்பை அழுத்தி, வலது கட்டைவிரல் மரத்துப்போனது. ஒருநாள் கையில் இருந்த கருவியே நழுவி விழுந்தது.

"தேஞ்ச டிஸ்க் மறுபடி வளராது," என்றார் பிசியோதெரபிஸ்ட். "ஆனா வலியைக் குறைக்கலாம், விரல் மரப்பும் தெளியலாம். தினமும் பயிற்சி பண்ணுங்க. வேலையில குனியவே கூடாது. முடியாதுன்னா கிளினிக்கை மூடிடுங்க."

மூடுவதா? டாக்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேல்பல் வேலைகளை எல்லாம் தோழியின் கிளினிக்குக்கு அனுப்பிவிட்டு, பிளாஸ்டரில் செய்த மாதிரிப் பல்வரிசையை வைத்துக் கண்ணாடியில் பார்த்து வேலை செய்து பழக உட்கார்ந்தார். கண்ணாடியில் முன்பக்கம் பின்பக்கமாகத் தெரிந்தது. சொல்பேச்சுக் கேட்காத பிள்ளை மாதிரி கை எதிர்த்திசையில் ஓடியது. ஒரு கை பார்த்துவிடுவது என்று இரண்டு மாதம் மல்லுக்கட்டினார். இடையிடையே தாடையை உள்ளிழுத்துக் கழுத்துப் பயிற்சி. கணவர் பார்த்துச் சிரித்தார். ஒரு முறைப்பில் அடங்கினார். கைக்குப் பலம் திரும்பியது, மரப்பும் பாதி குறைந்தது.

மேல்பல்லுக்கு முதலில் வந்து உட்கார்ந்தவள் நாத்தனார். கடைவாயில் சொத்தை. பாதி வேலையில் கண்ணாடி மங்க, டாக்டரம்மா துடைப்பதற்காக நிறுத்தினார். அந்த வாய் சும்மா இருக்குமா?

"குனிஞ்சுதான் பாத்துடுங்களேன் அண்ணி. யாருக்குத் தெரியப் போகுது?"

"என் கழுத்துக்குத் தெரியும். வாயைத் திற."

நாற்பது நிமிடம் ஆனது. ஒருமுறைகூட அவர் குனியவில்லை. அடைப்பு அம்சமாக உட்கார்ந்தது.

நாத்தனார் எழுந்திருக்கவில்லை. "இந்தப் பக்கம் மேலயும் ஒண்ணு கூசுது அண்ணி. அதையும் பாத்துடுங்க. நீங்க கிளினிக்கை மூடிடுவீங்களோன்னு அண்ணன் புலம்பிட்டே இருக்காரு."

டாக்டரம்மா நிமிர்ந்தபடியே கண்ணாடியை உள்ளே விட்டு இரண்டு தடவை நன்றாகப் பார்த்தார். பல் கல்லு மாதிரி இருந்தது. பொய்க்காரி. கண்ணாடியை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"இதுல ஒண்ணும் இல்ல," என்றார். "ஆறு மாசம் கழிச்சு வா, பாக்கலாம். நான் இங்கதான் இருப்பேன்."