சுண்டைக்காய் உடைத்த கதவு

அந்த அறிவிப்பு திரையில் வந்தபோது என் கையில் ஓர் உளுந்துவடை இருந்தது. படித்து முடித்ததும் வடை கீழே விழவில்லை. நான்தான் வடையும் கையுமாக மரம்போல நின்றுவிட்டேன். மருமகள் வந்து பார்த்து, மாமாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று வடையைப் பிடுங்கினாள். விரலும் சேர்ந்து வருவேன் என்றது. அதே நேரத்தில் அன்னவாசல் முழுக்கக் கரண்டும் போயிற்று. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று மின்வாரியத்தில் சொன்னார்கள். அந்த வாரியத்திலேயே லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பதிலை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

அறிவிப்பு இதுதான். 'கோட்டை வாசல்' என்கிற ஆன்லைன் விளையாட்டை நடத்தும் கம்பெனி, ஆள் வற்றிப்போன படைகளைக் கலைத்துவிடப் போகிறது. தை பிறப்பதற்குள் ஐந்து புது ஆட்கள் சேர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு மாதம் விடாமல் ஆடியிருந்தால் படை பிழைக்கும். இல்லையென்றால் கொடி, கோட்டை, பேர் எல்லாம் போய்விடும்.

விளையாட்டு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இரண்டு படைகள். யார் முதலில் எதிரியின் கோட்டைக் கதவைச் சம்மட்டியால் உடைக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. ஆடுகிறவர்கள் மைக்கில் பேசிக்கொள்ளலாம். எங்கள் படைக்குக் கீழராஜவீதிப் படை என்று பேர். புதுக்கோட்டை கீழராஜவீதியில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் பிறந்ததால் அந்தப் பேர். பெற்றெடுத்தவர் அடைக்கலம். அரசு பஸ் டிரைவர். மகனுக்கு ஹால்டிக்கெட் எடுக்க உள்ளே போனவர், ஹால்டிக்கெட்டை மறந்துவிட்டு ஒரு கோட்டையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். மகன் அந்த வருஷம் பரீட்சை எழுதவில்லை. இப்போது சிங்கப்பூரில் நன்றாக இருக்கிறான்.

அது நடந்து பதினைந்து வருஷம் ஆகிறது. அன்று முதல் அடைக்கலம்தான் தலைவர், நான் உபதலைவர். மூன்றாவது ஆள் இன்னாசி, கோட்டைப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர். அவர் மைக்கைத் திறந்தால் கடற்காற்று அடித்து என் அறையில் உப்புப் பூக்கும். துடைத்துத் துடைத்து எடுத்ததில் எங்கள் வீட்டில் மூன்று மாதம் உப்பு வாங்கவில்லை. மற்றவர்களும் எங்கள் வயதுக்காரர்கள்தான். முழங்கால் வலி மாத்திரை எது நல்லது என்று போர்க்களத்தில் பேசுகிற படை வேறெங்கும் இருக்காது.

எங்களிடம் புது ஆட்கள் வராமல் இல்லை, நிற்கவில்லை. அதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. இரண்டையும் நாங்கள் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒன்று, விசாரிப்பு. புதுசாக ஒருவன் உள்ளே வந்தால் அடைக்கலம் சண்டையை நிறுத்திவிட்டு எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பையன், அம்மா பிறந்த ஊர் எது என்று கேட்பார். சொந்தம் கண்டுபிடிக்காமல் விடமாட்டார். மணிலாவில் இருந்து வழி தப்பி வந்த ஒரு பையனுக்குக் கந்தர்வகோட்டையில் சித்தப்பா இருப்பதை ஒரு மணி நேரத்தில் நிரூபித்துக் காட்டினார். பையனும் ஒப்புக்கொண்டான். அதற்குள் அவனை எதிரிகள் ஏழு தடவை கொன்றிருந்தார்கள்.

இன்னொன்று, முறை. கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, இரண்டாவது யாருக்கு என்று இருக்கிறதல்லவா, அது போல எதிரியின் கதவை முதலில் தலைவர்தான் தொட வேண்டும். பிறகு நான், பிறகு இன்னாசி. புது ஆள் வரிசையின் கடைசியில் நின்று எங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நாங்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்து, ஏதோ பயங்கரமான தந்திரம் என்று எதிரிகள் ஓடிப்போனதும் ஒரு தடவை உண்டு. மற்றத் தடவைகளில் முதலில் போகிற அடைக்கலம் முதலில் சாவார்.

அறிவிப்பு வந்த வாரத்திலேயே புதுக்கோட்டைக் கல்லூரியில் படிக்கிற அன்புமொழி என்ற பெண் வந்து சேர்ந்தாள். கெட்டிக்காரி. நாங்கள் வரிசையில் நின்று ஒருவர் பின் ஒருவராகச் செத்துக்கொண்டிருந்தபோது பக்கவாட்டில் போய்க் கதவை உடைத்துவிட்டாள். நாங்கள் ஜெயித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ஜெயித்தால் திரையில் என்ன வரும் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. பூ மாரி பொழிந்ததும் ஏதோ கோளாறு என்று இன்னாசி கம்ப்யூட்டரை அணைத்துவிட்டார்.

"யாரைக் கேட்டும்மா கதவைத் தொட்ட?" என்றார் அடைக்கலம்.

"கதவு தொறந்துருச்சே அங்கிள்."

"தொறந்தது இருக்கட்டும். மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

மறுநாள் ஆட்டத்தில் அவளை வெளியே நிற்க வைத்தார். அதற்கு மறுநாள் அவள் வரவில்லை.

அந்த வாரக் கடைசியில்தான் சுண்டைக்காய் வந்தது. விளையாட்டில் யாரும் சொந்தப் பேர் வைத்துக்கொள்வதில்லை. இந்த ஆள் வைத்துக்கொண்ட பேர் அது. வாயைத் திறக்காது. எதைக் கேட்டாலும் எழுத்தில்தான் பதில். எந்த ஊர் என்று அடைக்கலம் கேட்டார். 'பக்கத்துலதான்' என்று வந்தது. யார் வீடு என்றார். 'ஒரு டிரைவர் வீடு' என்று வந்தது. டிரைவர் வீட்டுப் பிள்ளை என்றால் நம்ம ஆள்தான் என்று தலைவருக்கு ஒரே சந்தோஷம். விசாரணை அதோடு முடிந்தது. பதினைந்து வருஷத்தில் அவ்வளவு சீக்கிரம் முடிந்த விசாரணை வேறில்லை.

சுண்டைக்காய் நின்றது. வரிசையின் கடைசியில், வாயைத் திறக்காமல், தினமும். எனக்கு அதுவே அதிர்ச்சிதான். அதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒரு சாயங்காலம் வந்தது.

அடைக்கலம் வீட்டுக் குக்கரை எனக்கு நன்றாகத் தெரியும். மற்றக் குக்கர் மாதிரி அது விசில் அடிக்காது. தொண்டை கட்டிய சேவல் மாதிரி பாதியில் நின்று, இருமி, மறுபடி எடுக்கும். அவருக்கு மைக்கை அணைக்கத் தெரியாததால் பதினைந்து வருஷமாக அதைக் கேட்டே எங்கள் படை மணி பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அந்த விசில் அவர் மைக்கில் தூரத்தில் கேட்டது. அதே நொடி சுண்டைக்காய் மைக்கில் காதைக் கிழித்தது. பாதியில் நின்றது, இருமியது, எடுத்தது. இரண்டு பக்கமும்.

நான் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தேன். அடைக்கலத்தின் வீட்டில் இருப்பது இரண்டே பேர். முன்னறையில் அவர். அடுப்படியில் அவர் மனைவி அழகம்மாள். சமையல் வீடியோ பார்க்கட்டும் என்று மகன் சிங்கப்பூரிலிருந்து அம்மாவுக்கு ஒரு டேப்லெட் அனுப்பியிருந்தான். அது கெட்டுப்போய்விட்டது என்று அழகம்மாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மற்றவர்கள் மாத்திரைப் பேச்சில் இருந்ததால் கவனிக்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் வேடிக்கை பார்க்க என்ன மிச்சம் இருக்கும்?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், நாங்கள் வரிசையில் நின்று செத்துக்கொண்டிருந்தபோது சுண்டைக்காய் வரிசையை விட்டு விலகிப் போய், ஒரே போடாகப் போட்டுக் கதவை உடைத்தது. பூ மாரி பொழிந்தது. இன்னாசி மறுபடியும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, பிறகு ஞாபகம் வந்து போட்டுக்கொண்டார்.

அடைக்கலத்துக்கு வந்த கோபத்தில் அவர் மைக் சூடேறுவது எனக்கு இங்கே தெரிந்தது. சுண்டைக்காயைப் படையை விட்டே நீக்குகிறேன் என்றார். தலைவருக்கு அந்த அதிகாரம் உண்டு. பேரைத் தொட்டால் பட்டன்கள் வரும். 'நீக்கு' என்பதற்குப் பக்கத்திலேயே 'தலைவர் ஆக்கு'. எந்த மகராசன் இரண்டையும் அக்கம்பக்கத்தில் குடிவைத்தானோ தெரியாது. அடைக்கலத்தின் கண்ணாடி டிவி மேல் இருந்தது. நிச்சயமாகவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவரிடம் அப்படிக் கேட்கலாமா? ஓங்கி அமுக்கினார்.

முரசு கொட்டியது. திரை முழுக்கப் பொன் எழுத்து ஓடியது. 'கீழராஜவீதிப் படையின் புதிய தலைவர்: சுண்டைக்காய்.'

கோட்டைப்பட்டினத்தில் கடற்காற்று நின்றுவிட்டது.

"யாருப்பா செத்தது?" என்றார் இன்னாசி. அவர் வீட்டிலும் ஊரிலும் தலைவர் மாறுவது அந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

அடைக்கலம் எழுத்தில் கேட்டார், பேச்சில் கேட்டார், மிரட்டினார். தலைமையைப் புதுத் தலைவர் மட்டும்தான் திருப்பிக் கொடுக்க முடியும். சுண்டைக்காய் முதல் தடவையாக வாயைத் திறந்தது.

"தெனம் மொத ஆளாப் போயி மொத ஆளாச் சாவுறதுக்கு எதுக்குங்க ஒரு தலைவரு?"

அடைக்கலத்தின் மைக்கில் ஹெட்போன் தரையில் விழும் சத்தம் கேட்டது. பிறகு நாற்காலி நகர்ந்தது. காலடிச் சத்தம் அவர் மைக்கில் தேய்ந்துகொண்டே போய், சுண்டைக்காய் மைக்கில் வளர்ந்துகொண்டே வந்தது. படை மொத்தமும் அந்த நடையைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"நீயா?"

"நான்தான்."

"எப்பலேருந்து?"

"அந்தக் காலேஜ் புள்ளைய வெளிய நிறுத்துனீங்கள்ல, அன்னையிலேருந்து."

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

"பதினஞ்சு வருசமா இந்தச் செவுத்துக்கு இங்கிட்டு உக்காந்து கேக்குறேன். அம்மிக்கல்லு கேட்டிருந்தா அதுகூட ஆடும்."

அடைக்கலத்தின் குரல் இறங்கியது. "தலைவர் பதவிய என்கிட்ட குடுத்துரு."

"மாட்டேன். புதுசா வாரவுகளை நீங்க நிக்க விடமாட்டீங்க. படை கலைஞ்சா நாள் பூரா நீங்க எங்க நிப்பீங்க? இந்த அடுப்படியிலதான். ரிட்டயரான மொத மாசம் கம்ப்யூட்டர் ரிப்பேரு. என்ன செஞ்சீங்க? வெங்காயம் வெட்ட எனக்கு மொறை சொன்னீங்க. சோத்துக்குத் தண்ணி வைக்க மொறை சொன்னீங்க. நாப்பது வருசமாச் சமைக்கிறவ நான், அந்த ஒரு மாசத்துல உப்புப் போட மறந்துட்டேன்."

இன்னாசி தொண்டையைச் செருமினார். "ஆத்தா, மைக்கு ஆன்ல இருக்கு."

"இருக்கட்டும்ணே. எல்லாரும் கேக்கட்டும்."

அடைக்கலம் திரும்பி நடந்தார். காலடிச் சத்தம் இப்போது இந்த மைக்கில் தேய்ந்து அந்த மைக்கில் வளர்ந்தது. கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு வரி வந்தது. 'அடைக்கலம் படையை விட்டு வெளியேறினார்.' பெற்றவரே பிள்ளையை விட்டுப் போனதைப் பார்த்து, எங்கள் கோட்டையில் நாங்கள் கட்டியிருந்த கம்ப்யூட்டர் குதிரை கண்ணீர் விட்டது. நம்பாதவர்கள் இன்னாசியைக் கேட்கலாம்.

புதுத் தலைவர் வந்ததும் எங்கள் பெருமைகள் இரண்டும் போயின. யாரையும் எந்த ஊர் என்று கேட்கக் கூடாது, அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். கதவைப் புது ஆள்தான் முதலில் தொட வேண்டும், பழைய ஆட்கள் அடி வாங்கிக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். அழகம்மாள் அன்புமொழியைத் தேடிப் பிடித்து, எங்க வீட்டு மனுசர் பேசினது தப்பு என்று சொன்னார். அவள் ஹாஸ்டல் தோழிகள் இரண்டு பேரோடு திரும்பி வந்தாள். மூவரும் நின்றார்கள். தலைவரைச் சேர்த்து நான்கு.

ஐந்தாவது ஆள் கிடைக்கவில்லை. மார்கழி பிறப்பதற்குள் வந்தால்தான் தைக்குள் ஒரு மாதம் நிறையும். கார்த்திகை முடியப்போகிறது. வந்த இரண்டொருவர் எங்கள் இருமலைக் கேட்டே போய்விட்டார்கள். அங்கே வீட்டில் அடைக்கலம் அடுப்படிக்கு வந்து நிற்கத் தொடங்கியிருந்தார். இன்றைக்கு ரசத்துக்கு முறை சொன்னார் என்று தலைவர் மைக்கில் சொல்லும்போது அந்தக் குரலில் படை தோற்கும்போதுகூட இல்லாத பயம் இருந்தது. மற்ற நேரத்தில் அடைக்கலம் என் வீட்டுக்கு வந்து, மின்கம்பத்தில் எப்படி ஏற வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

கார்த்திகையின் கடைசி நாள் சாயங்காலம் ஓர் ஆள் வந்தான். பேர் 'புதுப்பையன்'. பேசவில்லை. பழக்கதோஷத்தில் இன்னாசி, எந்த ஊருப்பா என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பதில் வரவில்லை. பையன் ஆட்டம் தெரிந்தவன்போலத்தான் இருந்தான். ஆனால் எங்கே நிற்பது என்று தெரியாமல் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தான். கடைசியில் போய் வரிசையின் கடைசியில் நின்றான். வரிசையே அப்போது இல்லை. தனியாக நின்றான்.

அப்போது குக்கர் விசில் அடித்தது. தலைவர் மைக்கில் காதருகே. புதுப்பையன் மைக்கில் தூரத்தில். பாதியில் நின்றது, இருமியது, எடுத்தது. இரண்டு பக்கமும்.

பதினைந்து வருஷமாக அந்த விசிலில் மணி பார்த்தவர்கள் நாங்கள். அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. தலைவர் எழுந்து போய் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. இப்போது தலைவர் சிரித்தால் போதும், பையன் ஓடிவிடுவான். படையும் போய்விடும், அடுப்படியும் போய்விடும். திரும்பி வந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது.

"தம்பி புதுப்பையா," என்றார் அழகம்மாள். "கதவை நீ மொதல்ல தொடு. நாங்க பக்கத்துல நிக்கிறோம். போ."

நீ என்றார். நாற்பது வருஷமாக நீங்க, வாங்க, உக்காருங்க என்றே பேசி வந்தவர். போ என்றார். இன்னாசி கையிலிருந்த ஐஸ் கட்டி உருகி ஆவியாகிவிட்டதாக அவர் பிறகு என்னிடம் சொன்னார்.

புதுப்பையன் வெகுநேரம் நின்ற இடத்திலேயே நின்றான். பிறகு எழுத்தில் வந்தது: 'சரி தலைவரே.'

ஓடினான். சம்மட்டியை ஓங்கினான். கதவைத் தொடுவதற்குள் செத்தான். யாரும் சிரிக்கவில்லை. அன்புமொழி, பரவால்ல ப்ரோ, அடுத்த தடவை பாத்துக்கலாம் என்றாள்.

மறுநாளும் வந்தான். மார்கழி முழுக்க வந்தான். பொங்கலன்று விடிந்ததும் போய்ப் பார்த்தேன். அறிவிப்பு திரையில் இல்லை. கொடி பறந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் டீக்கடையில் அடைக்கலத்தைப் பார்த்தேன். புது வேட்டி. டீயை ஆற்றிக்கொண்டே, "நம்ம படையில புதுசா ஒருத்தன் வந்துருக்கானாமே. நல்லா ஆடுறானா?" என்று கேட்டார்.

"சுமார்தான்," என்றேன். "ஆனா நிக்கிறான்."

தலையை ஆட்டினார். டீயைக் குடித்தார். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "யாரு வீட்டுப் பையனாம்?" என்றார்.

"கேக்கலையே."

"அதுவும் சரிதான்," என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது போலச் சீக்கிரமாக வீட்டைப் பார்த்து நடந்தார்.