கயிற்றைப் பிடித்தது யார்

தேலிஸ் கிணற்றில் விழுந்தாரா, இறங்கினாரா என்பதுதான் முத்துமீனாவின் ஆய்வேட்டில் நான்காம் இயல். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை கெடு நீட்டியாகிவிட்டது. மூன்றாம் முறை கிடையாது என்று பல்கலைக்கழகத்தில் எழுதியே கொடுத்திருந்தார்கள்.

கதை சிறியது. இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த தேலிஸைக் கிரேக்கத் தத்துவத்தின் முதல் ஆள் என்பார்கள். அவர் வானத்தைப் பார்த்தபடியே நடந்து கிணற்றில் விழுந்தார். அங்கிருந்த வேலைக்காரப் பெண், மேலே இருப்பதை அறியத் துடிப்பவருக்குக் காலடி தெரியவில்லையே என்று சிரித்தாள். இதை எழுதிவைத்தவர் அவருக்கு இருநூறு ஆண்டு பிந்தியவர். தேலிஸ் எழுதியதாக ஒரு வரிகூட மிஞ்சவில்லை.

ஆகவே அறிஞர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு இது வெறும் கேலிக்கதை. மறு கட்சி, அவர் வேண்டுமென்றே இறங்கினார் என்கிறது. ஆழ்கிணற்றின் அடியிலிருந்து பார்த்தால் பகலிலும் நட்சத்திரம் தெரியும் என்று பழைய காலத்தில் நம்பினார்கள். கிணறுதான் அவர் வானத்தைப் பார்த்த கருவி என்பது அவர்கள் வாதம். ஆய்வு வழிகாட்டி செல்வக்குமார் இந்தக் கட்சி, அதற்காகக் கட்டுரையும் எழுதியவர். அவளுடைய இயலும் அப்படியே. ஆனால் அவள் படித்த கட்டுரைகளில் ஒருவரும் இறங்கிப் பார்த்ததாகச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, விளாங்குடியில் எதிர்வீட்டுப் பாண்டியம்மாளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அவளுடைய தோட்டத்துக்குப் போனாள். போர்வெல் போட்ட பிறகு அங்கே பழைய வட்டக்கிணறு வறண்டு கிடந்தது. பன்னிரண்டு அடி அகலம், ஐம்பது அடி ஆழம்.

"பகல்ல நட்சத்திரம் பாக்கவா கெணத்துக்குள்ள எறங்குற? காய்ச்சலா புள்ள ஒனக்கு?"

"இருபது நிமிசந்தான்க்கா."

"அம்புட்டு நேரம் நான் வெயில்ல நிக்கணும். அதுக்கு யாரு எனக்கு டாக்டர் பட்டம் குடுப்பா?"

பேசிக்கொண்டே பாண்டியம்மாள் வாளிக்குள் ஒரு சிம்னி விளக்கை ஏற்றி வைத்து இறக்கினாள். புழங்காத கிணற்றின் அடியில் கெட்ட காற்று தங்கும். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக்கூடாது. விளக்கு நின்று எரிந்தது. பிறகு வேப்பமரத்தில் கயிற்றைச் சுற்றி, மறுமுனையை முத்துமீனாவின் இடுப்பில் கட்டினாள். சுவரில் பதித்த படிக்கற்கள் நாற்பது அடி வரைதான். மீதிப் பத்தடி கயிற்றின் பொறுப்பு.

நேரத்தை முத்துமீனா கணக்குப் போட்டிருந்தாள். திருவோணம் பிரகாசமான நட்சத்திரம். மதுரைக்கு ஏறத்தாழ நேர் உச்சியில் கடக்கும். மாசி முதல் வாரத்தில் அது காலை பத்தே காலுக்கு. தெரிவதானால் கிணற்று வாயில் தெரியும் வான வட்டத்தின் நடுவில்தான் தெரிய வேண்டும்.

அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். தெரியவில்லை. மேகமில்லாத நீலம் மட்டும் இருந்தது. கண் இருட்டுக்குப் பழகிய பின் நீலம் இன்னும் கூசியது. காரணம் அவளுக்கு அங்கேயே பிடிபட்டது. பகலில் நட்சத்திரத்தை மறைப்பது பக்கவாட்டு வெளிச்சம் அல்ல. நமக்கும் அதற்கும் நடுவே இருக்கும் காற்றே ஒளிர்கிறது. சுவர் பக்கத்து வெளிச்சத்தைத் தடுக்கும். கிணற்று வாய்க்கு மேலே உள்ள காற்றை என்ன செய்யும்? எவ்வளவு ஆழம் போனாலும் அந்தத் துண்டு வானம் அதே பிரகாசம்தான்.

கயிற்றை இரண்டு முறை அசைத்தாள். பாண்டியம்மாள் இழுத்தாள், படிக்கல் எட்டியதும் முத்துமீனா தானே ஏறினாள். தலையில் சிலந்திவலையோடு வெளியே வந்தவளைப் பார்த்துப் பாண்டியம்மாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"எத்தன நட்சத்திரம் எண்ணுன?"

"ஒண்ணுமில்லக்கா." முழங்கை சிராய்ப்பைத் துடைத்துக்கொண்டே தேலிஸின் கதையைச் சொன்னாள்.

"சரி, அந்தாளத் தூக்கிவிட்டது யாரு?"

"அது கதையில இல்லக்கா."

"அதெப்புடி? விழுந்தா ஒருத்தர் கயிறு போடணும். தானா எறங்குனா மொதல்லயே ஒருத்தர மேல நிப்பாட்டியிருக்கணும். அங்கன இருந்தது அந்தப் பொம்பள ஒருத்திதான? தூக்கிவிட்டுட்டுத்தான் சிரிச்சிருப்பா."

முத்துமீனா நோட்டை எடுத்து அதைக் குறித்துக்கொண்டாள். இரண்டு கட்சியும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

அங்கிருந்தே செல்வக்குமாருக்குப் போன் செய்து, கிணற்றடியிலிருந்து நட்சத்திரம் தெரியவில்லை என்றாள்.

"தெரியாட்டி என்னம்மா? தெரியும்னு நம்பி இறங்கியிருக்கலாம்ல?"

"இறங்கியிருக்கலாம் சார். ஒரு தடவ. மறுபடி இறங்கியிருக்க மாட்டாரு. அப்புறம் அது எப்படிக் கருவியாகும்?"

"இது என் கட்டுரைக்கும் எதிரா போகுது. இப்ப இருக்கிறதையே குடு, வைவா தேர்வுல பாத்துக்கலாம். என் கையெழுத்து இல்லாம தீசிஸ் போகாது, ஞாபகம் இருக்கட்டும்."

"இறங்கிப் பாத்துட்டேனே சார்."

"எழுதிக் கொண்டா" என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை முப்பது பக்கம் இருந்த இயல் பதினொரு பக்கமாக அவர் மேசையில் இருந்தது. தன் கட்டுரையை அவள் மறுத்த பத்தியை இரண்டு முறை படித்தார். பேனா கையில் இருந்தும் அடிக்கவில்லை. தூக்கிவிட்டது யார் என்ற கேள்வியைக் கேட்டவர் பாண்டியம்மாள் என்றிருந்த கடைசிப் பக்க அடிக்குறிப்பில்தான் நிறுத்தினார்.

"யாரு இந்தப் பாண்டியம்மாள்? எந்த யூனிவர்சிட்டி?"

"மேல கயிறு பிடிச்சவங்க சார்."

பாண்டியம்மாளின் ஊர்ப்பெயரையும் சேர்க்கச் சொல்லிவிட்டு அவர் கையெழுத்திட்டார்.