கவிழ்க்காத சொம்பு

வியாழக்கிழமை காலையில் ராஜம் ஒரு கைப்பிடி தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு சந்தில் இறங்குவாள். சனத்நகரில் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி ஒன்றின் பின்சுவரை ஒட்டிய சந்து. பாதி வீடு வேலூர், வாணியம்பாடிப் பக்கத்து ஆட்கள், மீதி தெலுங்குக்காரர்கள். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். அதனால் வாசலுக்கு வாசல் நீல ட்ரம். ட்ரம்மில் கொசு.

அவள் புருஷன் நடேசன் அந்த ஃபவுண்டரியில் மணலில் அச்சு கட்டும் மோல்டர். காலில் இரும்பு கொட்டியபோதுகூடத் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனவன். ஆடி மாதம் டெங்கு காய்ச்சல் என்று படுத்தான். எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஹெல்த் சென்டர் நர்ஸம்மா வந்து சந்துப் பெண்களைக் கூட்டினார். "கொசுவுக்குப் புகை அடிக்கிற வண்டி வரும், போகும். ட்ரம்மை நீங்கதான் பார்த்துக்கணும். யாராவது ஒருத்தர் முன்னால நில்லுங்க."

யாரும் நிற்கவில்லை. ராஜம் எழுந்தாள். ஏன் எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பதும் வெளியே நடப்பதும் அப்போது அவளுக்கு ஒன்றாகத்தான் இருந்தது.

நர்ஸம்மா வாராவாரம் வெள்ளிக்கிழமை ட்ரம்மைக் கவிழ்க்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை நிறைஞ்ச தண்ணியை எவளும் கவிழ்க்கமாட்டாள் என்று ராஜம் வியாழனுக்கு மாற்றினாள். கவிழ்த்தால் மட்டும் போதாது. கொசு முட்டை உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும், நாரைப் போட்டுத் தேய்க்க வேண்டும். வீட்டுக்கு வீடு அதைச் சொன்னாள். சொன்னதை விட, பக்கத்தில் நின்று தேய்க்க வைத்தாள்.

சனங்கள் கதவைத் திறந்தது கொசுவுக்குப் பயந்து இல்லை. சாவு வீட்டுக்காரியிடம் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அதே ஆட்கள் விடிந்ததும் அவள் முகத்தில் முழிக்காமல் பின்பக்கமாக வரச் சொன்னார்கள். அவளும் பின்பக்கமாகப் போனாள்.

பக்கத்து வீட்டு எலிசபெத் மட்டும் முன்வாசலில் நின்றே சண்டை போடுவாள்.

"டேங்கர்காரன் கால்ல வுழுந்து புடிச்ச தண்ணிடீ இது. நீ வந்து கவுத்துட்டுப் போவ. எங்க ஆளு எதுல குளிக்கும், உன் வாயிலயா?"

"பாதிய குடத்துல மொண்டு மூடி வை. மீதிய சாய்."

"ஹவ், ஹவ், ஆமா. இன்ஸ்பெக்டரம்மா சொல்லிட்டாங்க." திட்டிக்கொண்டே சாய்ப்பாள். ராஜம் நாரை நீட்டுவாள்.

புரட்டாசி பிறந்தது. எலிசபெத்தின் மகள் ஸ்டெல்லா காய்ச்சலில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டெங்கு என்றார்கள். பிளேட்லெட் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த வியாழன் ராஜம் போனபோது எலிசபெத் ஆஸ்பத்திரிக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"ட்ரம்ம சாய்ச்சியா?"

"உன் வூட்டு சொம்ப மொதல்ல கவுத்துட்டு வா. அப்புறம் என் ட்ரம்மத் தொடு."

ராஜம் நாரை நீட்டினாள். எலிசபெத் வாங்கவில்லை.

"வாராவாரம் உனக்காக நான் தேச்சேன். சந்தே தேச்சுது. தண்ணி நிக்கறது உன் வூட்டுல மட்டும்தான். எல்லாருக்கும் தெரியும், பாவம்னு ஒருத்தியும் கேக்கல. எம் பொண்ணு கெடக்கறா, நான் கேக்கறேன். எந்த சாமிடீ இத்தினி நாளு தண்ணி கேக்குது?"

கதவு சாத்திக்கொண்டது. அடுத்த வீட்டில் தட்டினாள். உள்ளே டிவி ஓடியது, திறக்கவில்லை. அதற்கடுத்த வீட்டிலும் இல்லை. இன்று ட்ரம் கழுவாவிட்டால் அடுத்த வியாழனுக்குள் சந்து முழுக்கக் கொசு பறக்கும். நர்ஸம்மா சொன்ன கணக்கு அது. ராஜம் நாரோடு வீடு திரும்பினாள்.

நடேசனைக் கிடத்தியபோது தலை இருந்த இடத்தில் ஒரு விளக்கும் பித்தளைச் சொம்பில் தண்ணீரும் இருந்தன. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மகன்தான் சொம்பை எடுத்துக்கொண்டுபோய் ஊற்ற வேண்டும். பெண்டாட்டி தொடக்கூடாது. அதுவரை தண்ணீர் வற்றவும் கூடாது, செத்தவனுக்குத் தாகம் எடுக்கும். மகன் மணிவண்ணன் ஹைடெக் சிட்டியில் கம்பெனி வண்டி ஓட்டுகிறான். கொள்ளி வைத்துவிட்டு அன்றைக்கே டூட்டிக்குப் போனான். பதினாறாம் நாள் லீவு கேட்டதற்குக் காண்டிராக்டர் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு ஒரேயடியாகப் போ என்றான். காரியம் நடக்கவில்லை. சொம்பு அங்கேயே இருந்தது. குறையக் குறைய ராஜம் மேலே ஊற்றிக்கொண்டிருந்தாள், கை சொம்பில் படாமல்.

குனிந்து பார்த்தாள். கொசுப்புழு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நிழல் பட்டதும் நெளிந்து அடிக்கு இறங்கியது. நிறைய இருந்தன. இத்தனை நாளும் அவள் உள்ளே பார்த்ததே இல்லை.

மகனுக்குப் போன் போட்டாள்.

"டூட்டிலகீறேன்மா. சீக்கிரம் சொல்லு."

"சொம்ப எடுக்கணும். இன்னிக்கே வா."

"எதுக்கு இவ்ளோ அவசரம்? ஞாயித்துக்கிழமை வர்றேன்."

"முந்தின ஞாயித்துக்கிழமையும் இதயேதான் சொன்ன."

பின்னால் ஆரன் அடித்தது. "சரி, நீயே எடுத்து ஊத்திடு." மறுபடி ஆரன் அடித்தது. "நக்கோமா, வேணாம். தொடாத. நான் வர்றேன், சத்தியமா. எங்கப்பனுக்கு நான் ஒண்ணுமே பண்ணல. அதையாவது நான் பண்றேன்."

"சரி" என்று போனை வைத்தாள்.

பிறகு விளக்கை அணைத்தாள். சொம்பைத் தூக்கினாள். நினைத்ததை விடக் கனமாக இருந்தது.

சாக்கடையில் ஊற்றினால் புழு பிழைத்துக்கொள்ளும். சந்து முனையில் ஃபவுண்டரிக்காரர்கள் கொட்டிவைத்த கருகிய மணல் மேடு இருந்தது. நடேசன் அச்சு கட்டின மணல். முன்வாசல் வழியாகவே நடந்து போய் அதன்மேல் கவிழ்த்தாள். மணல் தண்ணீரை உடனே குடித்துவிட்டது. புழுக்கள் மேலே கிடந்து துள்ளின. வெயில் இருந்தது. அவை அடங்கும்வரை நின்றாள்.

திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்து சொம்பின் உள்ளே நாரைப் போட்டுத் தேய்த்தாள். சன்னல்களில் தலைகள் தெரிந்தன. சொம்பை வாசற்படியில் கவிழ்த்து வைத்துவிட்டு எலிசபெத் வீட்டுக்குப் போனாள்.

எலிசபெத் சோற்றுத்தூக்கோடு வாசலில் நின்றிருந்தாள். அவள் சொம்பைப் பார்த்தாள், ராஜத்தைப் பார்த்தாள்.

"ட்ரம்ம சாய்" என்றாள் ராஜம்.

எலிசபெத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு ட்ரம்மைச் சாய்த்தாள். இரண்டு பேரும் தேய்த்தார்கள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

ஞாயிற்றுக்கிழமை மணிவண்ணன் வந்தே விட்டான். கையில் வாழையிலை, பூ, கற்பூரம், ஒரு வேட்டி. தலையை மழித்திருந்தான். அவன் தெருவில் வருவதைப் பார்த்ததும் ராஜம் சொம்பை நிமிர்த்திக் குழாய்த் தண்ணீர் பிடித்தாள். பழைய இடத்தில் வைத்து விளக்கை ஏற்றினாள். வாசலில் நின்ற எலிசபெத் அதைப் பார்த்தாள்.

"ஸ்டெல்லாவுக்கு எப்படிகீது?" என்று கேட்டாள் ராஜம்.

"பிளேட்லெட் இன்னும் ஏறல." எலிசபெத் வாசலை விட்டு ஒதுங்கி வழிவிட்டாள். மணிவண்ணனைப் பார்த்து, "வா கண்ணு" என்றாள்.

அவன் கற்பூரம் காட்டினான். விழுந்து கும்பிட்டான். அழுதான். ராஜம் சுவரோரம் நின்று பார்த்தாள். அவனைத் தொட வேண்டும் என்று தோன்றியது. கை எழவில்லை.

"தண்ணி வத்தாம பாத்துக்கினியாம்மா?"

"பாத்துக்கினேன்."

சொம்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினான்.

"சாக்கடைல ஊத்தாத. மணல்ல ஊத்து" என்றாள்.

ஊற்றிவிட்டு வந்து காலிச் சொம்பைக் கொடுத்தான். அவள் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். நாரை எடுத்துக்கொண்டு வாசலில் தேய்க்க உட்கார்ந்தாள்.