மூன்று அங்குலப் பனி

அவரை ஊரில் எல்லோரும் ஐஸ்காரர் என்பார்கள். முதல் தடவை கேட்கும் பிள்ளைகள் குச்சி ஐஸ் எங்கே என்று நச்சரிக்கும். பாவம், அவரிடம் விற்க ஒன்றுமில்லை. ஊர்ப் பொதுச் சறுக்கு மைதானத்தில் பனித்தளம் போடுவதும் சீவுவதும் காப்பதும்தான் அவர் வேலை. இருபது வருடமாக யாரும் விரல் நீட்டிக் குறை சொன்னதில்லை. அதனால்தான் மின்சாரச் செலவைக் குறைக்க வந்த இன்ஜினியரம்மா, பனியில் துளை போட்டு அளந்தபின், அளவுகோலைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"என்னண்ணே இது? ஒரு அங்குலம் இருந்தா போதும். இங்க மூணு இருக்கு!"

"இருக்கும்மா."

"அடியில இருக்கிற குழாயோட குளிர் மேல வந்து சேர்றதுக்குள்ள கம்ப்ரசர் உசுரை விடுது. நிக்காம ஓடுது. இப்படிக் கரண்டைக் குடிச்சா மைதானத்தையே மூடிடுவாங்க. புள்ளைங்க எங்க போகும்? இந்த வாரத்துக்குள்ள ரெண்டு அங்குலம் சீவிடுங்க."

"ஒன்றரை இருக்கட்டுமேம்மா?"

"ஒண்ணு. அதுக்கு மேல ஒரு நூல்கூட வேணாம்."

அவர் தலையை ஆட்டினார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவோமோ என்று பயம்.

காரணம் வடக்கு மூலையில், அடியிலிருந்து சரியாக ஒன்றரை அங்குலத்தில் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் பாயிலர் மக்கர் செய்தது. அன்று மகள் அந்த மூலையில் தனியாகச் சறுக்கி முடித்தபின் அவர் பச்சைத் தண்ணீரையே தளத்தில் விட்டார். வெந்நீராக இருந்தால் கீறல்கள் உருகி மூடிக்கொண்டிருக்கும். பச்சைத் தண்ணீரில் கீறலுக்குள் காற்று மாட்டிக்கொண்டு, அவள் போன தடம் வெள்ளைக் கோடாக அப்படியே நின்றுவிட்டது. மறுநாள் காலையில் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இடது காலில் பிடித்த சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் டாக்டர். ஒன்பது வயது. திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு சீவும் வண்டியின் கத்தி அந்தக் கோட்டைத் தொட்டுவிடக் கூடாதென்று, சீவியதைவிடக் கூடவே தண்ணீர் விட்டுக்கொண்டு வந்தார். ஒரு மூலையைக் காப்பாற்ற மொத்தத் தளத்தையும் உயர்த்த வேண்டியிருந்தது. தண்ணீர் ஓரவஞ்சனை பார்க்காதே! ஊர்க் கரண்டை எடுத்துத் தன் பிள்ளையின் கால் தடத்தைக் காத்தார். தப்புதான். அவருக்கும் தெரியும்.

சீவச் சீவ, கோடுகள் தெளிவாக மேலே வந்தன. நாலாம் நாள் பகலில், கண்ணாடிக்கு அடியில் இருப்பதுபோலத் தெரிந்தன. இன்னும் ஒரு சுற்று ஓட்டினால் போய்விடும். அவருக்குக் கை வரவில்லை. மனைவிக்குப் போன் போட்டார்.

மூன்று வருடமாக அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள் வந்தாள். மண்டி போட்டு, விரலால் கோட்டைத் தொடர்ந்து போனாள். கம்ப்ரசர் இரைச்சலில் அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்க அவரும் குனிய வேண்டியிருந்தது.

"மூணு வருஷமா இதை எங்கிட்ட மறைச்சீங்களா?"

அவள் விரல் ஓரிடத்தில் நின்றது.

"ஏங்க, இந்தக் கோடு கோணலா இழுத்திருக்கு. இது இடது காலு. அன்னிக்கே வலி இருந்திருக்கு."

"ம்."

"யார்கிட்டயும் சொல்லாம முழுங்கிட்டாளேன்னு நான் டாக்டர்கிட்டல்லாம் சொல்லி அழுதேன். உங்ககிட்ட சொன்னாளா?"

கோட்டை மறைத்ததுகூடப் பெரிதில்லை. அவர் மறைத்தது இதைத்தான்.

"சொன்னா. கால் வலிக்குதுப்பான்னா. இன்னும் ஒரே ஒரு சுத்து, அப்புறம் வீட்டுக்குப் போலாம்னு நான்தான் சொன்னேன்."

அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். எழுந்து, முழங்காலில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டாள். "சீவுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசல் பக்கம் நடந்தாள்.

அவர் வண்டியில் ஏறினார். அந்த ஒரு சுற்றைத் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினார். மகள் போன தடம் பனித்தூளாகித் தொட்டியில் விழுந்தது. அதை மற்றத் தூளோடு பின்கட்டில் கொட்டிவிட்டு வந்து, அன்றைக்கு மிச்சமிருந்ததையும் சீவி முடித்தார். ஒரு அங்குலம். ஒரு நூல் கூடவில்லை.

சற்று நேரத்தில் கம்ப்ரசர் நின்றது. பழுதில்லை. மெல்லிய பனிக்கு அவ்வளவு குளிர் போதும் என்று தானாகவே நின்றது. மூன்று வருடமாக ஓயாமல் கேட்ட சத்தம் அடங்கியதும்தான், மேல்வரிசை இருக்கைகளிலிருந்து யாரோ அழுவது அவருக்குக் கேட்டது.

மனைவி வீட்டுக்குப் போயிருக்கவில்லை.

படியேறிப் போய் இரண்டு இருக்கை தள்ளி நின்றார். உட்கார அவருக்குத் தைரியமில்லை.

"ரொம்ப வலிக்குதுன்னாளா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்னுதான் சொன்னா."

"அவ எப்பவும் கொஞ்சம்னுதான் சொல்லுவா" என்றாள் அவள். பக்கத்து இருக்கையில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.